குப்புறப் படுக்க வைத்த கணினி

'தகவல் தொழில்நுட்ப மேலாளர்: நிறுவனத்தின் கணினிக் கட்டமைப்பைத் திட்டமிட்டு, நிறுவி, இயக்கிப் பராமரிப்பவர்' என்கிறது கழுத்தில் தொங்கும் அட்டை. அட்டைக்கு உரியவரோ, காணாமல் போன அம்புக்குறியைக் கணினி முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார். "இந்த ஈ எங்க போய்த் தொலைஞ்சுது?" அம்புக்குறிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஈ. அது அசையாமல் நின்றுவிட்டால் துணியை எடுத்து ஒரு தட்டு தட்டுவார். சில சமயம் அது நகர்ந்தும் விடுகிறது என்பதுதான் கொடுமை.

கட்டமைப்பு என்பது ஒரே ஒரு கணினி. திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய வகை. அது வந்து இறங்கிய நாளில், கொண்டுவந்தவரை வாசல்வரை துரத்திப் போய், "தம்பி, டிவிய மட்டும் குடுத்துட்டுப் பொட்டிய வண்டியிலயே வச்சுட்டுப் போறீங்களே!" என்று மடக்கியவர் இவர். எல்லாம் உள்ளேதான் இருக்கிறது என்று சத்தியம் செய்து அவர் தப்பித்தார். இவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

இடம், முதுகுவலிக்காரர்கள் வந்துபோகும் சிறிய சிகிச்சை நிலையம். நடத்துபவர் இவருடைய கொழுந்தனார். ஊரார் காலைப் பிடித்துப் பிழைப்பவர், அதாவது இயன்முறை மருத்துவர். உரிமம் கேட்டபோது இப்படி ஒரு பதவியில் யாராவது இருந்தே ஆகவேண்டும் என்றார்கள். வீட்டில் சும்மா இருப்பவர் அண்ணிதான் என்று கொழுந்தனார் முடிவு செய்தார். அண்ணி பிறந்ததிலிருந்து சும்மா இருந்ததே இல்லை. டோக்கன் கொடுப்பது, வெந்நீர்ப் பை நிரப்புவது, வலியில் மூச்சைப் பிடித்துக்கொள்பவர்களை அதட்டி மூச்சுவிட வைப்பது எல்லாம் இவர்தான். புதியவர்கள் "சிஸ்டர்" என்று கூப்பிட்டால் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். "சிஸ்டர் இல்லீங்க, மேனேஜர்." கடைசியில் மேனேஜரம்மா என்றே பெயர் நின்றுவிட்டது.

அன்று அறுவை மருத்துவர் வரும் நாள். வாரத்துக்கு ஒரு மாலைதான் வருவார். வந்த வேகத்திலேயே போய்விடுவார். திரைச்சீலைக்குப் பின்னால், முதுகில் வெந்நீர்ப் பையோடு குப்புறக் கிடந்தவர் ஒரு பஸ் டிரைவர். முதுகெலும்பில் டிஸ்க் விலகியிருந்தது. கத்தி வைக்க வேண்டுமா, மறுபடி ஸ்டியரிங் பிடிக்கலாமா என்பதை ஸ்கேன் சிடியைப் பார்த்த பிறகுதான் மருத்துவர் சொல்வார். பஸ் கம்பெனியில் டிரைவருடைய வண்டியைத் தற்காலிகமாக வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். நன்றாகவே ஓட்டுகிறார் என்று சேதி வந்த நாளிலிருந்து வலி கூடியிருந்தது.

அந்தச் சிடியை மேனேஜரம்மா கணினியின் பக்கவாட்டில் நீளும் தட்டில் வைத்து உள்ளே தள்ளினார். போனது போனதுதான். 'கர்ர்' என்றது, பிறகு அதுவும் இல்லை. பட்டனை அமுக்கினார், தட்டிப் பார்த்தார், "வந்துடு கண்ணு" என்று கெஞ்சினார், ஹேர்பின்னை எடுத்துச் சின்ன ஓட்டையில் குத்தினார். ஹேர்பின் வளைந்தது. கொஞ்ச நாளாகவே தட்டு முரண்டு பிடித்ததால் சிடி ஓட்டும் மாற்று டிரைவ் ஒன்றை வாங்கி மேசை டிராயரில் போட்டிருந்தார். மாட்டித்தர வேண்டிய கணினிக் கடைக்காரர்தான் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் போனைப் போட்டு, கை இரண்டும் வேண்டுமே என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"தம்பி, டிஸ்க் மாட்டிக்கிச்சு. டாக்டர் வர்றதுக்குள்ள மாத்தியாகணும்."

"டிஸ்க்க மாத்தினா பழசெல்லாம் அழிஞ்சிடும்க்கா. ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. பரவால்லியா?"

திரைச்சீலைக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

கடைக்காரர் நினைத்தது கணினி தன் கோப்புகளையெல்லாம் சேமித்துவைக்கும் டிஸ்க்கை. மேனேஜரம்மா நினைத்தது சிடி மாட்டிக்கொண்ட தட்டை. கட்டிலில் கிடந்தவர் நினைத்தது தன் முதுகை. அவரவர் நினைத்ததே அவரவருக்குச் சரியாகக் கேட்டது.

"அது இல்ல தம்பி, சிடி போடற டிரைவ்!"

"அதச் சொல்லுங்க, பயந்தே போயிட்டேன். சுவிட்ச அணைச்சு, வயரெல்லாம் புடுங்கிட்டு, துண்டு விரிச்சுக் குப்புறப் படுக்க வைங்க."

"வச்சாச்சு."

"இப்ப முதுகுல இருக்கற ஸ்க்ரூவெல்லாம் கழட்டுங்க. அப்புறம் நகத்தக் குடுத்து நெம்புங்க. டப்புன்னு சத்தம் வரும், கண்டுக்காதீங்க."

டப்பென்று சத்தம் வந்தது.

"உள்ள எல்லாம் பச்சப் பச்சையா இருக்கு தம்பி. எது எதுன்னே தெரியல."

"ஓரத்துல சப்பையா தகரப் பொட்டி மாதிரி இருக்குல்ல, அதான். பழைய டிரைவ வெளிய இழுத்துப் போட்டுட்டுப் புதுச உள்ள தள்ளுங்க. அவ்வளவுதான் வேலை."

வலியில் கிடப்பவர் காதுக்கு டிரைவும் டிரைவரும் ஒன்றுதான். திரைச்சீலை விலகியது. ஆள் தாங்காமல் எழுந்திருக்கவே முடியாது என்று சாதித்துவந்தவர், ஒரு கையால் இடுப்பையும் மறு கையால் சுவரையும் பிடித்தபடி வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"நான் சம்மதிக்கலம்மா. டாக்டரே இல்லாம, போன்ல கேட்டுக் கேட்டு... என் வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லல. பழைய டிரைவர இழுத்துப் போடச் சொல்றானே, யாரு அவன்? எங்க கம்பெனி ஆளா?"

மேனேஜரம்மா திகைத்துப் போனார். போனில் டிரைவ், கையில் ஸ்க்ரூ டிரைவர், எதிரில் பஸ் டிரைவர். "எந்த டிரைவரண்ணே? இதுவா?" என்று கையிலிருந்ததை நீட்டிக் காட்டினார். அவர் இன்னும் ஓரடி பின்வாங்கினார்.

"யாருக்கா அங்க?" என்றது போன். "ஸ்க்ரூவ மட்டும் தொலச்சிடாதீங்க."

அப்போதுதான் டிரைவர் மேசையைப் பார்த்தார். துண்டின்மேல் முதுகு திறந்து கிடந்தது கணினி.

"இதுக்கா?"

"பின்ன, உங்களுக்கா? நான் மேனேஜருங்க. டாக்டரா?"

டிரைவர் சிரிக்கப் பார்த்தார், முதுகு விடவில்லை. வந்தது வந்தோம் என்று சுவரில் சாய்ந்து நின்று செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார். "அந்தா, அந்த மூலை ஸ்க்ரூ. இஞ்சின் மாதிரியேதான் இருக்கு, எண்ணெய்ப் பிசுக்குதான் இல்ல."

பழைய டிரைவ் வெளியே வந்தது. அதன் மூடியைத் திறந்ததும் சிடி கீறலில்லாமல் கிடைத்தது. பழையதன் முகப்பைக் கழற்றிப் புதியதில் மாட்டச் சொன்னார் கடைக்காரர். முதலில் தலைகீழாக மாட்டினார்கள். யார் சொன்னபடி மாட்டியது என்பதில் சின்னத் தகராறு நடந்தது. மறுபடி கழற்றி மாட்டி, கணினியை நிமிர்த்தி உட்காரவைத்தபோது மருத்துவருடைய கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

புதுத் தட்டு சமர்த்தாக நீண்டது. சிடியை வாங்கிக்கொண்டு போய்ப் படத்தையும் காட்டியது. மருத்துவர் நின்றபடியே பார்த்தார். "ஆபரேஷன் வேண்டாம். ஆனா ஸ்டியரிங் பக்கம் போகக் கூடாது. ஆறு மாசம் ஆகட்டும், பாக்கலாம்." அடுத்தவரைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

இது நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று பிடிபடாமல் இருவரும் நின்றார்கள்.

"கத்தி இல்லன்னுட்டாரே. நல்லதுதானேண்ணே?"

"நல்லதுதான்." வாசல்வரை மெல்ல நடந்தார். "ஆறு மாசம் என் சீட்ட யாரும்மா காலியா வச்சிருப்பாங்க?"

இதைப் போன் போட்டுக் கேட்க ஆளில்லை. டிரைவர் செருப்புக்குள் காலை நுழைத்து, வாரை மாட்டக் குனிந்தார். பாதியிலேயே முதுகு நிறுத்திவிட்டது.

"என் தோளப் புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, மேனேஜரம்மா தரையில் உட்கார்ந்து இரண்டு செருப்புக்கும் வார் மாட்டிவிட்டார்.