வெட்டாமல் விட்ட காய்

தாயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டினால்தான் நம் காய் நடுக்கட்டத்துக்குள் நுழைய முடியும். பாவம் பார்த்து விட்டுக்கொண்டே இருந்தால் வெளியிலேயே சுற்ற வேண்டியதுதான்.

நான் ஐந்தாவது படித்த வருஷம், நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊரில் அறுவடை நின்றுபோனது. ஆட்சி மாறியும் கூலி மாறவில்லை என்று சங்கத்தில் பேசி முடிவெடுத்து, அப்பாவும் மற்றவர்களும் பண்ணை வயலில் இறங்க மறுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு வேளைக் கஞ்சிதான். அந்தப் பண்ணை வீட்டுப் பெண்தான் பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதி.

மத்தியான இடைவேளையில் செங்கல் துண்டால் கட்டம் கிழிப்போம். உருட்ட நாலு புளியங்கொட்டை. என் காய்கள் வளையல் துண்டு, அவளுடையவை பீங்கான் சில்லு. அவள் கெட்டிக்காரி, நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. அறுவடை நின்ற பிறகு மூன்று நாள் தொடர்ந்து ஜெயித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் அவளுக்கு மூன்று விழுந்தது. மூன்றாவது கட்டத்தில் என் காய் வசமாக நின்றது. அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல வேறு காயை நகர்த்தினாள். எனக்குச் சுருக்கென்றது.

"ஏண்டி வெட்டல?"

"கவனிக்கல."

"பொய் சொல்லாத."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க வீட்டுல அரை வயித்துக் கஞ்சின்னு அம்மா பேசிக்கிட்டாங்க. பாவமா இருந்துச்சு."

கட்டத்தைக் காலால் அழித்தேன். மூன்று நாள் ஜெயித்ததும் அவள் போட்ட பிச்சையா? அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இனி இவளோடு பேச்சே இல்லை என்று எழுந்து நடந்தேன். நாலு எட்டு வைத்த பிறகுதான் தோன்றியது, இப்படியே போய்விட்டால் இவளை எப்போது ஜெயிப்பது? திரும்பி வந்து புதிதாகக் கட்டம் கிழித்தேன்.

"பசி எங்க வீட்டுல. இங்க இல்ல. வெட்டுறதா இருந்தா உக்காரு."

உட்கார்ந்தாள். முதல் தடவை வெட்டும்போது என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. அன்று தோற்றேன், மறுநாளும் தோற்றேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், எந்தக் காயைப் பின்னால் நிறுத்தி அவளுக்காகக் காத்திருக்கலாம் என்றே யோசித்தேன். பொறுமை என்று ஒன்று எனக்கும் உண்டென்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாரமும் அறுவடை தொடங்கவில்லை. ஒருநாள் அவளுடைய கடைசிக் காய் உள்ளே நுழைய ஒரு கட்டமே பாக்கி. இரண்டு கட்டம் பின்னால் காத்திருந்தது என் காய். எனக்கு இரண்டு விழுந்தது. வெட்டினேன். அந்த ஆட்டத்தை ஜெயித்தேன்.

"திருட்டுக் கழுதை! நாளைக்கு உன்னை விடமாட்டேன்!" என்று கத்தினாள். புளியங்கொட்டையைத் தரையில் அடித்தாள். நிஜமாகவே அழுதாள்.

காலையில் குடித்த கஞ்சி எப்போதோ கரைந்துபோயிருந்தது. இருந்தும் அன்றைக்கு எனக்கு வயிறு நிறைந்திருந்தது.