நடுவிலிருந்து தொடங்கிய நாவல்

நாவல் என்றால் ஒரே புத்தகத்தில் முடிந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பாகம் பாகமாக இழுப்பவர்களுக்கு முடிக்கத் தெரியாது என்று நண்பர்களிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். அந்த வாயை அடைத்தவள் என் மகள்.

மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளம் படித்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள். தமிழில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. போன வருடம் தோழியின் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போனவள், எனக்கு ஒரு தடித்த தமிழ் நாவல் வாங்கி வந்தாள். அட்டையில் ஆற்றங்கரையில் நிற்கும் பெண். கீழே 'இரண்டாம் பாகம்' என்று, எண்ணில் இல்லாமல் எழுத்தில் போட்டிருந்தது. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, அது இரண்டாம் பாகம் என்பதை மறைத்துவிட்டேன்.

நடுவிலிருந்தே படித்தேன். முதல் பக்கத்தில் அந்தப் பெண் பெட்டியோடு வந்து யார் வீட்டுக் கதவையோ தட்டுகிறாள். ஏன் வந்தாள், யாரை விட்டு வந்தாள், எதுவும் தெரியாது. ஆச்சரியம் என்னவென்றால், அந்தத் தெரியாமையே என்னை இழுத்துக்கொண்டு போனது. புதிதாகக் குடிவந்த தெருவில் அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்பது போலிருந்தது. அப்படியானால் முதல் பாகம் எதற்கு என்று தோன்றியது.

மகள் களமசேரியில் வேலை முடிந்து வந்ததும் சாயாவோடு எதிரில் உட்காருவாள். நல்லா இருக்கு என்று சொல்லி, அன்று படித்த வரைக்கும் கதை சொல்வேன்.

"அவ எதுக்குப்பா வீட்ட விட்டு வந்தா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பிடிக்காத மாப்பிள்ளை பாத்துட்டாங்க" என்று நானாக ஒன்றைக் கட்டிவிட்டேன். அதிலிருந்து தினம் ஒரு பொய்.

உண்மைக் காரணம் என்ன என்ற அரிப்பு அடங்கவில்லை. முதல் பாகத்தைத் தபாலில் வரவழைத்தேன். பார்சலைப் பிரித்தது அவள். அதே ஆற்றங்கரை, அதே பெண்.

"இதே புக்குதானே இங்க இருக்கு. பின்ன எதுக்கு இன்னொண்ணு?"

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? சொல்லிவிட்டேன். அவள் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ நல்லா இருக்குன்னு சொன்னதும் பொய்யா?"

"அது சத்தியமாப் பொய் இல்ல. தனியாவே நல்லா இருந்துச்சு."

"கடையில மூணு இருந்துச்சுப்பா" என்றாள். "ஒரே படம். எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சேன். அப்பாக்கு வாசிக்க நெறைய இருக்கட்டும்னு கனம் கூடினத எடுத்தேன்."

வீட்டில் பேசினால் போதும், எழுத்து தானாக வந்துவிடும் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொடுக்காமல் இருந்துவிட்டவன் நான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.