வால் வண்டி மப்கூத்

மப்கூத்துக்கு வயது ஐம்பத்திரண்டு என்று அடையாள அட்டை சொல்கிறது. பிறந்த நாள் ஜனவரி ஒன்று. மணலுக்குள் பிறந்தவர்களைப் பதிவு செய்ய வந்த அலுவலர், வரிசையில் நின்ற அத்தனை பேரையும் ஜனவரி ஒன்றிலேயே பிறக்கவைத்து, வருடத்தையும் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அந்தக் கணக்குப்படி மப்கூத்துக்கும் அவருடைய அம்மாவுக்கும் பதினோரு வயதுதான் வித்தியாசம். அதைப் பற்றி இதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை.

வருடத்தில் ஒன்பது மாதம் பாலைவன விளிம்பில் இருக்கும் ஷிஸ்ரிலிருந்து ஒட்டகப் பட்டிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுவார். குளிர் வந்துவிட்டால் மஸ்கட்டிலிருந்து ‘மணல் சிங்கங்கள்’ வந்து இறங்கும். வங்கிக்காரர்கள், என்ஜினியர்கள், நிலத்தரகர்கள். வருடத்துக்கு ஒருமுறை நான்கு நாள் மணலைக் கடந்து வராவிட்டால் இவர்களுக்கு நாற்காலியில் உட்கார வராது போலிருக்கிறது. ஒன்பது வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முதல் வண்டியில் கேப்டன் போவான், கடைசி வண்டியில் மப்கூத் போவார். பதினோரு வருடமாக அவருக்கு அதே இடம்.

கடைசி வண்டியின் வேலை லேசானதல்ல. புதைந்த வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். கழன்ற டயரை மாட்ட வேண்டும். வழியெல்லாம் சிங்கங்கள் தவறவிட்ட மடக்கு நாற்காலி, கறி சுடும் கம்பி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். ஆனால் படத்தில் விழுவது முதல் வண்டி. ஊருக்குப் போய்ப் பேசுவதும் முதல் வண்டி.

இந்தக் கூட்டத்தின் கேப்டன் பெயர் முந்திர். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரிலேயே முந்துகிற ஆசை கேட்கும். ஆளும் அப்படித்தான். மஸ்கட்டில் வீட்டுமனை விற்கிறான். வண்டிக் கூரையில் எட்டு விளக்கு, உள்ளே மூன்று வழிகாட்டித் திரை, பின்னால் காபி இயந்திரம். தானே புதைந்தால் “மணல் இளக்கமா இருக்கு” என்பான். அடுத்தவன் புதைந்தால் “ஓட்டத் தெரியல” என்பான். மப்கூத்தை வாய் நிறைய சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். வாயில் சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லை.

அந்தச் சர்க்கரை வாய்தான் இந்த வருடம் போனில் ஒரு வாக்குக் கொடுத்தது. நாலாம் நாள் பயணம் மப்கூத்தின் சொந்தக் குளிர்காலப் பட்டியில் முடிகிறதாம். அதனால் அன்றைக்கு மட்டும் முதல் வண்டி சித்தப்பாவுடையதாம். மப்கூத் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பட்டியில் இருக்கிற தன் மனைவி துஃபூலுக்குச் சொன்னார். துஃபூல் எல்லோருக்கும் சொன்னாள். துஃபூலுக்கு ஹுவைமில் என்று ஒரு தம்பி, கேலி பண்ண அவன் ஒருவன் போதாதா? பதினோரு வருடமாக மப்கூத்தை ‘வால் மச்சான்’ என்றே கூப்பிட்டு வருகிறவன் அவன். ஒட்டகம் வாங்கினால் முன்பக்கம் பார்த்து வாங்குகிறோம், அக்காவைக் கொடுக்கும்போது மட்டும் பின்பக்கம் பார்த்துக் கொடுத்துவிட்டோம் என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பான். இந்தமுறை அவன் சொல்லியனுப்பியது ஒரு வரிதான்.

“மச்சான் முன்னாடி வர்றத என் கண்ணால பாக்கணும். காவா பானையோட வாசல்லயே நிக்கிறேன்.”

ஆக, மப்கூத்துக்கு அந்த நாலு நாளில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தன் சனத்தின் கண்முன்னால், வரிசையின் தலையில், தன் பட்டிக்குள் நுழைய வேண்டும். சின்ன ஆசைதான். ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்குச் சின்ன ஆசை பிடித்தால் பேய் பிடித்ததற்குச் சமம்.

முதல் நாள் காலை ஷிஸ்ரில் எல்லோரும் மணலில் புதையாமல் ஓட்டுவதற்காக டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தபோது முந்திர் ஆளுக்கொரு அட்டை கொடுத்தான். மணலில் இருக்கும் வரை மணல்காரர்களைப் போலத்தான் பேச வேண்டுமாம். ரேடியோவில் யாராவது “சேதி என்ன?” என்று கேட்டால், “நல்ல சேதிதான், வேற சேதி இல்ல” என்று பதில் சொல்ல வேண்டுமாம். அட்டையில் ஒட்டகப் படம் வேறு. சிங்கங்களுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நாள் முழுக்க ஒருவரையொருவர் சேதி கேட்டு ரேடியோவை நாசம் பண்ணினார்கள்.

மப்கூத் அட்டையைப் பார்த்தார். வழக்கத்தில் பாதிதான் அதில் இருந்தது. அவருடைய சனத்தில் சேதி கேட்பது மூன்று முறை. முதல் தடவைக்கு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். அன்று காலையில் அப்பனைப் புதைத்துவிட்டு வந்தவனும் நல்ல சேதிதான் என்பான். அது மரியாதை. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் வாயைத் திறப்பான், அப்போது மறைக்கக் கூடாது. ஒரு தடவை கேட்டு நிறுத்துகிறவன் கேட்கவே இல்லை என்று அர்த்தம். இதை முந்திரிடம் சொல்லலாமா என்று மப்கூத் ஒரு நிமிடம் யோசித்தார். என்னை யார் கேட்டார்கள் என்று விட்டுவிட்டார்.

இரண்டாம் நாள் ஆறு வண்டி புதைந்தது, ஆறையும் இழுத்தார். மூன்றாவது வண்டியில் வந்த என்ஜினியரின் மனைவி ஒவ்வொரு வேளையும் தணலில் ரொட்டி சுட்டு முதல் ரொட்டியை மப்கூத்துக்குக் கொடுத்தனுப்புவாள். ஒற்றைச் செருப்பைத் தொலைத்தது அவளுடைய சின்ன மகள்தான். மப்கூத் அந்தச் செருப்பைத் திருப்பிக் கொடுத்தபோது குழந்தை அவர் மடியில் ஏறி உட்கார்ந்து தாடியை எண்ணியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் முந்திர் தன் இயந்திரக் காபியோடு மப்கூத்திடம் வந்தான். தோளில் கை போட்டான். கை போட்டபோதே மப்கூத்துக்குத் தெரிந்துவிட்டது.

“சித்தப்பா, நாளைக்குப் படம் பிடிக்கிறாங்க. பறக்கும் கேமரா. என் வண்டி கொடியோட முன்னாடி வர்ற மாதிரி எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். நீங்க பின்னாடி இருந்தாத்தான் எனக்கு தைரியம். உங்கள மாதிரி வேற யாரு இருக்கா?”

“நீ சொன்ன சொல்லு என்னாச்சு, தம்பி?”

“அடுத்த வருஷம். சத்தியமா.”

மப்கூத் தலையாட்டினார். அந்தத் தலையை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது. மணலில் பிறந்து, எந்த மேடு எந்தக் காற்றில் எந்தப் பக்கம் நகரும் என்று தெரிந்த மனிதர், மனை விற்கிறவன் முன்னால் அப்படித் தலையாட்டுகிறார். ஆட்டுக்கு வாலை ஆண்டவன் அளந்துதான் வைத்திருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்தக் காபியையும் குடித்தார். கசந்தது. அது காபியின் குற்றமல்ல.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு எட்டாவது வண்டியின் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. ஓட்டியவர் நிப்ராஸ் என்ற பல் டாக்டர், புது ஆள். பின்னால் வருகிற வண்டி கண்ணில் படாமல் முன்வண்டி நகரக் கூடாது என்பது மணல்பயணத்தின் முதல் விதி. ஆனால் காத்திருந்தால் முந்திருக்கு வெளிச்சம் போய்விடுமாம், கேமராவுக்கு ஆகாதாம். ஏழு வண்டிகளும் போய்விட்டன. மப்கூத் பலகை போட்டு ஜாக்கி ஏற்றி, டயருக்குள் சோப்புத் தண்ணீர் ஊற்றி, காற்றடித்து மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் விளக்குப் பிடிப்பதுபோல் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு இரண்டு வண்டியும் கிளம்பி நீளமான முகடு ஒன்றில் ஏறின. அங்கே மப்கூத் பிரேக் போட்டார்.

பட்டிக்குப் போகிற வழி வலப்பக்கம், காற்று இறுக்கிய கெட்டி மணலில். ஏழு வண்டித் தடமும் இடப்பக்கம் போயிருந்தது. இடப்பக்கம் இருப்பது பானை. நாலு பக்கமும் மேடு எழுந்த பெரிய குழிக்கு அந்தச் சனம் வைத்த பெயர் அது. ஒரு பக்கம் மட்டும் இறக்கம் சாதுவாக, அழகாக இருக்கும், படம் பிடிக்கத் தோதாக. இறங்கியவன் தானாக ஏறிய வரலாறு இல்லை. மேலிருந்து நீளக் கயிறு போட்டு ஒவ்வொன்றாக இழுத்தால்தான் உண்டு. வெயில் ஏற ஏற மணல் இன்னும் இளகும்.

மப்கூத் ரேடியோவை எடுத்தார்.

“கேப்டன், சேதி என்ன?”

கொஞ்ச நேரம் இரைச்சல். சக்கரங்கள் மணலை வாரி இறைக்கிற சத்தம். “தள்ளாதீங்க, தள்ளாதீங்க” என்று பின்னால் ஒரு பெண்குரல். ரொட்டி கொடுத்தனுப்புகிற குரல்தான்.

“நல்ல சேதிதான், வேற சேதி இல்ல, சித்தப்பா,” என்றான் முந்திர். அட்டையில் இருந்ததை அப்படியே ஒப்பித்தான். செத்தாலும் ஒரு வால் வண்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல அவனுக்கு நாக்கு வளையாது.

மப்கூத்துக்குத் தெரியும். அந்தச் சத்தம் தெரியும், அந்தக் குழி தெரியும், அந்தப் பதில் பதிலே அல்ல என்றும் தெரியும். இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும். வாயில் அந்தக் கேள்வி இருந்தது. அப்போது அவருக்குள் ஒன்று இனித்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக இனித்தது. நல்ல சேதி என்கிறான் கேப்டன், கேப்டன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மணல்காரர்களைப் போலத்தானே பேச ஆசைப்பட்டாய், பேசு. ரேடியோவை அணைத்து வைத்தார்.

டாக்டர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினார். மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். வேறு வழியாக வருகிறார்கள் என்றார் மப்கூத். சொல்லிவிட்டு வலப்பக்கம் திருப்பினார்.

மதியத் தொழுகை முடிந்த நேரம் பட்டி தெரிந்தது. முந்திரின் கொடி இல்லாமல், கேமரா இல்லாமல், மப்கூத்தின் நசுங்கிய பிக்கப் முதலில் இறங்கியது. சனம் எழுந்து நின்றது. ஆண்கள் கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். மப்கூத் ஹாரனை விடாமல் அடித்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் அடிக்கிற அடியா அது? ஹுவைமில் சொன்னபடியே, ஏலக்காய் மணக்கும் காவாக் காப்பிப் பானையோடு வாசலில் நின்றான். துஃபூல் முகத்திரையைச் சரிசெய்துகொண்டு வண்டிகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு. பிறகு அவள் மப்கூத்தைப் பார்க்கவில்லை. முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பளத்தில் உட்கார வைத்தார்கள். பேரீச்சம்பழத் தட்டு வந்தது. ஹுவைமில் சின்னக் கோப்பையில் காவா ஊற்றி நீட்டினான். இன்றைக்கு அவனுக்குக் கேலியே வரவில்லை, முகம் நிறையச் சிரிப்பு.

“மச்சான், சேதி என்ன?”

“நல்ல சேதிதான், வேற சேதி இல்ல.”

“உங்க சேதி என்ன?”

“நல்லதுதான். அல்லா கிருபை.”

கூட்டம் அமைதியானது. வழக்கம் அது. மூன்றாவதைக் கேட்டுவிட்டால் சொல்லியாக வேண்டும். மப்கூத் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

“சேதி சொல்லுங்க, மச்சான். கூட வந்தவங்க எங்க?”

மப்கூத் கோப்பையைத் தரையில் வைத்தார். ஏழு வண்டி பானைக்குள் இருக்கிறது என்றார். காலையிலிருந்து இருக்கிறது என்றார். அதில் ஒன்றில் குழந்தை இருக்கிறதா என்று துஃபூல் பின்னாலிருந்து கேட்டாள். இருக்கிறது என்றார். அது அவர் தாடியை எண்ணிய குழந்தை என்று சொல்லவில்லை.

ஹுவைமிலின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“ரேடியோவுல கேட்டீங்களா?”

“கேட்டேன். நல்ல சேதின்னான்.”

“எத்தன தரம் கேட்டீங்க?”

இதற்கு ஒரு பொய் போதும். மூன்று என்று சொன்னால் முடிந்தது, மானக்கேடு முழுவதும் முந்திருக்குப் போய்விடும். மப்கூத் அந்த எண்ணைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“ஒருதரம்,” என்றார்.

யாரும் திட்டவில்லை. கிழவர் ஒருவர் தாடியைத் தடவினார். பல் டாக்டர் மட்டும் ஒன்றும் புரியாமல் பழம் தின்றுகொண்டிருந்தார். ஹுவைமில் பானையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். கயிறுகளை எடுக்கச் சொன்னான், தண்ணீர்த் தோல்பைகளை ஏற்றச் சொன்னான். ஐந்து பிக்கப்புகள் உறுமின. மப்கூத் ஓடிப்போய்த் தன் வண்டியில் ஏறி, அதை வரிசையின் தலைக்குக் கொண்டுவந்தார். குழிக்குள் எந்தப் பக்கம் கயிறு போட வேண்டும் என்று அவரைவிடத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை.

ஹுவைமில் தன் வண்டியை அவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். கண்ணாடியை இறக்கினான். வால் மச்சான் என்று சொல்லவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“நீங்க பின்னாடி வாங்க, மச்சான்,” என்றான்.

வண்டிகள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டிப் போயின. ஐந்தாவது போனபிறகு மப்கூத் கியரைப் போட்டார்.