பித்தளை டேங்கில் இருந்த பெயர்

கொட்டகையின் பூட்டை மாற்றியவன் நான்தான். எலி புகுந்துவிட்டது, கதவோடு பூட்டையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது என்று அவரிடம் பொய் சொன்னவனும் நான்தான். பூட்டை மாற்றினால் எலி எப்படி நிற்கும் என்று அவர் கேட்கவில்லை. "சரி சார்" என்றார். தன்னிடமிருந்த சாவியைக் கொத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தார்.

அவர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளில் குடியிருப்பவர். நிட்டிங் கம்பெனியில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. நான் பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வீட்டை ஒட்டிய கொட்டகையில் முன்பு ஒருவர் பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் தைத்துக்கொண்டிருந்தார். அவர் முதலிபாளையம் பக்கம் இடம் பார்த்துப் போன பிறகு, அதை ஒர்க்‌ஷாப் ஆக்கிக்கொண்டேன். தலைக்கு மேலே தாழத் தொங்கிய டியூப் லைட்டுகளை அப்படியே விட்டேன். கூரைச் சட்டங்களில் படிந்திருந்த பஞ்சை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. திறந்து வைத்த கார்புரேட்டருக்குள் அது இறங்கிவிடும். அந்தப் பஞ்சை அடித்துச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக ஏணியோடு வந்தவர்தான் அவர். அதன் பிறகு எல்லா ஞாயிறும் வந்தார்.

எனக்குப் பழைய தோட்டக் கருவிகள் மேல் ஆசை. கையால் தள்ளும் வார்ப்பிரும்புப் புல்வெட்டி, கயிறு சுற்றி இழுத்துக் கிளப்பும் பெட்ரோல் புல்வெட்டி, மருந்தடிக்கும் பித்தளை டேங்க், இப்படி. மில் பங்களாக்கள் இடிபடும்போது இவை இரும்புக் கடைக்குப் போய்விடும். நான் முந்திக்கொண்டு போய் வாங்கி வருவேன். துருப்பிடித்த நட்டை டீசலில் ஊறப்போட்டு நான் மூன்று நாள் காத்திருப்பேன். அவர் வந்து நாலு பக்கமும் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கழற்றிவிடுவார். புல்வெட்டியின் சுருள் கத்தியையும் அடிக்கத்தியையும் நாங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கி வைத்து, நடுவில் செய்தித்தாள் துண்டைக் கொடுத்துச் சுற்றிப் பார்ப்போம். தாள் மடங்காமல் நறுக்கென்று வெட்டுப்பட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம்.

"நம்ம கம்பெனி கட்டிங் மாஸ்டர் இத பாத்தாம்னா வேலையே விட்டுட்டு ஓடிருவான் சார்" என்பார்.

இதையெல்லாம் எழுதுவது அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லத்தான். தெரிந்திருந்தும் நடந்தது இது.

ஒரு மில் பங்களாவிலிருந்து மருந்தடிக்கும் டேங்க் ஒன்று கிடைத்தது. முதுகில் மாட்டிக்கொள்வது. முழுப் பித்தளை. மேல்பக்கத்தில் செய்தவரின் பெயரும் ஒரு நம்பரும் ஆங்கிலத்தில் மெல்லிதாகச் செதுக்கியிருந்தது. பழையது சேர்ப்பவர்களுக்கு அந்த எழுத்துதான் முக்கியம். எழுத்து இல்லாவிட்டால் அது வெறும் பாத்திரம். ஓரிடத்தில் நெளிந்திருந்தது. பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அனுப்பர்பாளையத்தில் பழைய பாத்திரம் பாலிஷ் போடும் ஒருவரிடம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். எனக்கு இடுப்பு வலி. அவர் தன் வண்டியில் கட்டி எடுத்துப் போனார். ஒரு வாரம் கழித்து அவரே வாங்கியும் வந்தார்.

"கண்ணாடி மாதிரி ஆயிட்டு சார், பாருங்க" என்று மேஜை மேல் வைத்தார்.

பார்த்தேன். நெளிசல் இல்லை. பெயர் இல்லை. நம்பர் இல்லை.

"நல்லா இருக்குது" என்றேன். அங்கேயே, அந்த நிமிடமே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டீ குடித்துவிட்டு அவர் போன பிறகு டேங்கைத் தராசில் வைத்தேன். நான் எல்லாக் கருவிக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி அளவும் எடையும் எழுதிவைப்பவன். எழுதியிருந்ததைவிட ஏறக்குறைய அரைக் கிலோ குறைந்திருந்தது. அப்படியானால் இது வேறு டேங்க். அசலை எங்கோ கொடுத்துவிட்டு எழுத்தில்லாத ஒன்றைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறார். என் கணக்கு அப்படிப் போயிற்று.

பிறகு எல்லாமே அதற்குச் சாட்சியாக வந்து நின்றன. இரண்டு மாதம் முன்பு, "இதுக்கெல்லாம் வெளிய நல்ல கிராக்கியாமே சார்?" என்று அவர் கேட்டது. பாலிஷ் போடும் இடத்துக்கு "நீங்க அலைய வேண்டாம்" என்று என்னைத் தடுத்தது. கைப்பேசியில் பழைய பொருள் விற்கும் பக்கத்தில் அதே போன்ற டேங்கின் படம் ஒன்று கண்ணில் பட்டது. அதில் பெயர் தெரிந்தது, நம்பர் இருக்கும் இடத்தில் வெளிச்சம் அடித்திருந்தது. வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கருவிகளை மாட்டும் பலகையில், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தை மார்க்கரால் வரைந்து வைத்தால் எது எங்கே என்று தேட வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். அவர் போட்ட அந்தக் கோடுகளை வைத்தே ஒவ்வொரு ஞாயிறும் அவர் போன பிறகு நான் ஸ்பேனர்களை எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. எச்சரிக்கையாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"ஏனுங்க, அந்தாளு அப்படியாப்பட்ட ஆளாட்டத் தெரியலீங்களே. நீங்க கேட்டீங்களா?"

"கேட்டா ஒத்துக்குவானா?"

"கேக்காமயே ஒத்துக்கோணும்னா எப்படீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. வந்த ஆளுகள நம்பறதுக்கு ஒரு அளவு வேணும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள். 'வந்த ஆளுக' என்ற சொல் வெளியூரிலிருந்து வந்தவர்களைப் பற்றி எங்கள் சொந்தபந்தங்கள் பேசும்போது காதில் விழுந்ததுதான். என் வாயில் அது வராது என்று நினைத்திருந்தேன். வகுப்பில் எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்தது.

பூட்டு மாற்றியது அதற்கு அடுத்த வாரம்.

அவருடைய கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருப்பவன் என் பழைய மாணவன். அங்கே ஸ்டோர் பொறுப்புக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நிட்டிங் மிஷின் ஊசிகள் பெட்டி பெட்டியாக அங்கேதான் இருக்கும். சட்டைப் பையில் அடங்கும் சாமான், விலையும் அதிகம். அதனால் நம்பிக்கையான ஆள் வேண்டும். இந்த வேலை கிடைத்தால் பகல் ஷிப்ட் மட்டும்தான் என்று பிட்டர் என்னிடம் பலமுறை சொல்லியிருந்தார். அவர் மனைவிக்குச் சர்க்கரை. ராத்திரியில் சிலசமயம் மயக்கம் வந்துவிடும். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் வேலை பார்ப்பதோ பெரும்பாலும் நைட் ஷிப்டில். "ஸ்டோர் மட்டும் அமைஞ்சிட்டுன்னா, அவளத் தனியா விட்டுட்டுப் போவாண்டாம் சார். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்பார்.

மாணவன் போன் செய்தான். "சார், உங்க லைன்ல குடியிருக்கறவரு ஸ்டோருக்குக் கேக்கறாருங்க. உங்ககூடவே இருக்கறவரு. ஆளு எப்படீங்க சார்?"

"வேலை தெரிஞ்சவரு. சாவி குடுக்கறது உங்க இஷ்டம்" என்றேன்.

"புரிஞ்சுதுங்க சார்" என்றான்.

திருடன் என்று நான் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அப்படியே நினைத்து அன்றைக்குச் சாப்பிட்டேன்.

நாலு நாள் கழித்து இன்னொரு சாமான் பாலிஷுக்கு இருந்தது, ரோஜாச் செடிக்கு அடிக்கும் சின்னக் கைபம்பு. இதை அவரிடம் கொடுக்க மனமில்லை. பாலிஷ்காரரும் இதில் கூட்டா என்று மோப்பம் பிடிக்கவும் ஆசை. இடுப்பு வலியோடு பஸ் ஏறி அனுப்பர்பாளையம் போனேன். பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பனியனெல்லாம் கறுப்பாக உட்கார்ந்திருந்தார். பம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயும் பேரு இருக்குதுங்களே. போன தடவையாட்ட இதையும் அழிச்சிறட்டுங்களா?"

"போன தடவை எத அழிச்சீங்க?"

"அந்த மருந்தடிக்கற டேங்குலதானுங்க. எவனோ வெள்ளக்காரன் பேராட்ட இங்கிலீசுல இருந்துச்சு. நெளிசல எடுத்து, அரம் போட்டு அழிச்சு, தேச்சுக் குடுத்தனுங்க. அடியில ஈயத்த ஊத்தி அடச்சு வெச்சிருந்தாங்க, கட்டி கட்டியா. அதையும் எடுத்துப்போட்டுப் பித்தளையிலயே பத்த வெச்சனுங்க."

தராசில் குறைந்த அரைக் கிலோ அந்த ஈயம்தான். "ஏனுங்க அழிச்சீங்க? யார் சொன்னது?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "சொல்லோணுமாங்க? பழைய சாமானம் வந்தா முன்ன வெச்சிருந்தவங்க பேர அழிச்சுத்தானுங்க குடுப்பம். வித்துட்டுப் போனது, அடகுல முழுகிப் போனதுன்னு எத்தனையோ வருது. அடுத்தவிய பேரு போட்ட பாத்திரத்த வாங்குனவங்க ஊட்டுல வெச்சுப் பொழங்குவாங்களா? மனசுக்குச் சங்கட்டமில்லீங்களா? ஏனுங்க, அந்த வெள்ளக்காரன் உங்களுக்குச் சொந்தமாங்க?"

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரிக்க முயன்றேன். பம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். பெயர் அழியாமலிருக்கத்தான் வாங்கினேனா, வேறெதற்காக என்று தெரியவில்லை. கை தானாகவே அதை வாங்கிக்கொண்டது.

இனி சொல்லப்போவதுதான் என் குற்றம். சந்தேகப்பட்டதை அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்கு அப்படிச் சொல்ல முடியாது. ஸ்டோர் வேலை அன்றைக்கு வரை யாருக்கும் போகவில்லை. பஸ்ஸிலிருந்தே மாணவனுக்குப் போன் செய்திருந்தால் போதும். போனைக் கையில் எடுத்தேன். 'சார் தப்பாச் சொல்லிட்டாரு' என்று அவன் நினைப்பானே என்று தயங்கினேன். என்ன நடந்தது என்று கேட்டால் டேங்க், தராசு, பூட்டு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நாளைக்குப் பேசலாம் என்று போனைப் பைக்குள் போட்டேன். மறுநாளும் அப்படித்தான். நாம் சொன்னதை அவன் பெரிதாக எடுத்திருக்க மாட்டான், எப்படியும் இவருக்கே கொடுத்துவிடுவான் என்று ஒரு சமாதானம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்த பிட்டர் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். புல்வெட்டி எஞ்சினின் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ஸ்டோர் வேற ஆளுக்குப் போய்ட்டு சார்."

"அடுத்த தடவ கிடைக்கும், தம்பி" என்றேன்.

"ஆமா" என்றார். கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் பேச வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் மாணவனுக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன். அவன் குரல் தாழ்ந்துவிட்டது. "நீங்க சொன்னதுனாலதானுங்க சார் வேற ஆளப் போட்டோம். இப்பப் போட்ட ஆள எடுக்க முடியாதுங்களே" என்றான்.

அடுத்த நாள் பிட்டரின் வீட்டு வாசலுக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. டேங்கிலிருந்து தொடங்கி மாணவனிடம் பேசியது வரைக்கும் சொன்னேன். தெரிந்த பிறகும் இரண்டு வாரம் வாய்மூடி இருந்ததையும் சொன்னேன். அவர் மனைவி பாதியிலேயே உள்ளே போய்விட்டார்.

"எழுத்து இருந்ததயே நான் கவனிக்கல சார்" என்றார் அவர். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருக்கணும்."

"நான் இல்லன்னு சொல்லியிருப்பேன். நீங்க நம்பியிருக்க மாட்டிய. அது வேற விஷயம். ஆனாலும் கேட்டிருக்கலாம்."

கம்பெனிக்கு நேரில் வந்து சொல்கிறேன், இன்னும் மேலே இருப்பவர்களிடமும் பேசுகிறேன் என்றேன். அவர் மறுத்துத் தலையாட்டினார். "வேண்டாம். இப்ப ஸ்டோர்ல இருக்கவனுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ள. அவனத் தூக்கிட்டு என்னயப் போடவா? அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?" தொடர்ந்து, "எழுதிக் குடுங்க சார். நடந்தத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. வேலைக்கு இல்ல. அங்க நாலு பேரு என்னய ஒரு மாதிரி பாக்குதானுவ. ஏன்னு இப்பம்தான் தெரியுது" என்றார்.

ஆயிரம் விடைத்தாள் திருத்திய எனக்கு அந்த ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆயிற்று. முதலில் எழுதியதில் 'தவறான புரிதலால்' என்று இருந்தது. யாருடைய தவறு என்று அதில் இல்லை. கிழித்தேன். அடுத்ததில் முதுமை, மறதி என்றெல்லாம் வந்தது. அதையும் கிழித்தேன். கடைசியில், நான் காரணமில்லாமல் இவரைச் சந்தேகப்பட்டேன், அவரிடம் கேட்காமல் உங்களிடம் சொன்னேன், அது பொய் என்று தெரிந்த பிறகும் இரண்டு வாரம் மறைத்தேன் என்று எழுதினேன். கடைசி வரியில் அவர் மிகவும் நேர்மையானவர் என்றும் சேர்த்திருந்தேன். அவர் முற்றத்தில் நின்றே படித்தார்.

"இந்தக் கடைசி வரி வேண்டாம் சார். அது நீங்க சொல்லித் தெரிய வேண்டாம்."

அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாணவன் மறுவாரம் கூப்பிட்டான். "லெட்டர் வந்துச்சுங்க சார். எல்லாரும் படிச்சாங்க. பைல்ல வெச்சிருக்கறோம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இப்போது கொட்டகைக்கு வருவதில்லை. வழியில் பார்த்தால் "சாப்பிட்டாச்சா சார்?" என்று கேட்கிறார், மரியாதை குறையவில்லை. நைட் ஷிப்டுக்கு ராத்திரி ஏழரை மணிக்குக் கிளம்புகிறார். போன மாதம் ஒருநாள் என் மனைவி அவர் மனைவியிடம் போய், ராத்திரி ஏதாவது என்றால் எங்கள் ஜன்னலைத் தட்டச் சொல்லிவிட்டு வந்தாள். "ஐயா எந்திரிப்பாங்களா?" என்று அந்தம்மா கேட்டாராம். எந்திரிப்பேன் என்று சொல்லச் சொன்னேன். அந்த ஜன்னல் இருக்கும் அறைக்குக் கட்டிலை மாற்றிப் போட்டிருக்கிறேன். இதுவரை யாரும் தட்டவில்லை.