ஒரே வீட்டில் இரண்டு பரீட்சார்த்திகள்

மகளின் பத்தாம் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கையை வாங்கப் பள்ளிக்கூடம் போன அன்று நான் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு போனேன். அறிக்கை நன்றாக இராது என்று முன்பே தெரியும். உடுப்பாவது நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வகுப்பாசிரியை மென்மையானவர். தமிழ், சமயம், வரலாறு என்று ஒவ்வொன்றாகப் புகழ்ந்துகொண்டே வந்தவர், கணிதத்துக்கு வந்ததும் பேனையைக் கீழே வைத்தார்.

“பிள்ளை கெட்டிக்காரி அம்மா. ஆனா கணிதத்துக்கு வீட்டில ஆரும் பக்கத்தில இருந்து பார்க்க வேணும். அடுத்த வருசம் சாதாரண தரப் பரீட்சை. நீங்கள் கொஞ்சம் கூட இருங்கோ.”

“ஓம் மிஸ், இருக்கிறன்,” என்றேன். வேறு என்ன சொல்வது?

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. ஊரிலுள்ள பிள்ளைகளில் பாதிப் பேருடைய கடந்தகால வினாத்தாள்கள் என்னுடைய மெஷினுக்குள்ளால் போய் வந்தவைதான். ஒன்றையாவது நான் வாசித்ததில்லை. எழுத்துக் கறுப்பாக விழுகிறதா, ஓரம் வெட்டுப்படுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். நான் சாதாரண தரம் எழுதிய காலத்தில் அடம்பன் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து ஒரு ஓலைக் கொட்டிலில் இருந்தோம். கொட்டிலில் இருந்து படித்தும் மற்றப் பாடங்கள் எல்லாம் வந்தன. கணிதம் வரவில்லை. வீடு திரும்பி மறுபடி எழுதியும் வரவில்லை. ஆகவே கொட்டிலைக் குறை சொல்ல முடியாது.

அன்று பின்னேரமே மகளின் மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் ஏதோ ஒரு சமன்பாட்டைச் செய்துகொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அம்மா, ஏன் மூச்சு விடுறியள்?”

“மூச்சு விடாம எப்பிடி இருக்கிறது?”

“சத்தமா விடுறியள்.”

மெதுவாக விட்டேன். பிறகு பென்சில் சீவிக் கொடுத்தேன். சீவிய பென்சிலை மறுபடியும் சீவினேன். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டேன். அடுத்த நாள் ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டேன், கடதாசியெல்லாம் பறந்தது. ஒரு கிழமை இப்படி நான் கூட இருந்ததன் பலனாக, அடுத்துவந்த சின்னச் சோதனையில் அவளுடைய புள்ளி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

“இவ்வளவு கஷ்டப்பட்டும் ஏனடி வரேல்ல?” என்று கேட்டேன்.

அவள் பேனையை மேசையில் போட்டாள். “ஆர் கஷ்டப்பட்டது? நீங்களோ? அவ்வளவு சுகமெண்டா நீங்கள் எழுதிப் பாருங்கோவன்!”

“எழுதுறன்,” என்றேன்.

என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் நடக்கிற வாய். ஆனால் சொன்னது சொன்னதுதான். தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கு விண்ணப்பம் கோரிய காலத்தில் ஊரார் எல்லாருடைய விண்ணப்பத்தையும் என்னுடைய கடைக் கணினியில் நான்தான் நிரப்பினேன். கடைசி நாள், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து என்னுடையதையும் நிரப்பினேன். பாடம்: கணிதம். அவ்வளவுதான்.

என் மனுசன் மன்னார்–முருங்கன் பாதையில் மினிபஸ் ஓட்டுகிறவர். விசயத்தைச் சொன்னபோது சோற்றுக் கவளம் கையில் இருக்க, கண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும், “உண்மையாவோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். மறுபடியும் தொடங்கினார்.

மகள் சிரிக்கவில்லை. என்னுடைய துணிச்சலைப் பார்த்து அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. அவள் போகிற டியூசனுக்கே நானும் வரப்போகிறேன் என்றதும் நிபந்தனைகள் போட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவளைத் தெரிந்ததுபோலக் காட்டக் கூடாது. முக்கியமாக, கேள்வி கேட்கக் கூடாது.

டியூசன் நடப்பது தகரம் போட்ட ஒரு நீளக் கொட்டகையில். படிப்பிக்கிற சேர் என்னைவிட நன்றாக இளையவர். வெண்பலகையை அடித்து அடித்துப் படிப்பிப்பார். நான் கடைசி வாங்கில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இடம் பிடித்தேன். “அன்ரி, நீங்கள் ஆரின்ட அம்மா?” என்று ஒருத்தி கேட்டாள். “நான் ஆரின்டயும் அம்மா இல்லை, படிக்க வந்தனான்,” என்று நிபந்தனைப்படி சொன்னேன். முன்வாங்கில் மகளின் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது.

முதல் நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இரண்டாம் நாளும் இருந்தேன். மூன்றாம் நாள் சேர் எக்ஸைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது கையை உயர்த்திவிட்டேன்.

“சேர், போன வகுப்பிலயும் உந்த எக்ஸைத்தானே கண்டுபிடிச்சனாங்கள். பிறகும் ஏன் துலைஞ்சது?”

கொட்டகை அதிர்ந்தது. சேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அக்கா, இது வேற எக்ஸ்,” என்றார்.

“அப்ப இதுக்கு வேற பேர் வைக்கலாம்தானே, சேர்?”

அதே நேரம் வெளியில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கழுதை கொட்டகைக்குள் தலையை நீட்டி, பெரிய குரலில் கத்தியது. வகுப்பு முழுவதும், “சேர், அதுக்கும் விளங்கேல்லையாம்!” என்று கூத்தாடியது. மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் அவள் முன்னாலும் நான் பின்னாலுமாக, தெரியாத ஆட்களைப்போல நடந்து வந்தோம்.

ஆனால் அந்தக் கொட்டகையில் எனக்கு ஏதோ விளங்கத் தொடங்கியது. கடையில் ஆள் இல்லாத வேளைகளில், பிரதியெடுத்த வினாத்தாள்களில் பழுதாகிப்போனவற்றை எடுத்துச் செய்து பார்ப்பேன். வராத கணக்கை இரவுச் சாப்பாட்டில் மகளிடம் கேட்பேன். ஆரம்பத்தில் சலித்துக்கொண்டவள், பிறகு சொல்லித் தந்தாள். சோற்றில் கோடு கீறிக்கூட ஒருமுறை வட்டத்தின் நாணைக் காட்டினாள். எனக்கு மூன்று தரம் சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் சொல்லும்போது அவளே, “ஓ, இதுக்குத்தான் அப்பிடியோ!” என்பாள்.

அந்த டியூசனில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மாதிரிப் பரீட்சை ஒன்று வைத்து, அறிக்கை எழுதி, பெற்றோரைக் கூப்பிட்டுக் கையொப்பம் வாங்குவார் சேர்.

“எனக்கு ஆர் வாறது, சேர்?” என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “பாதுகாவலர் ஆரும் வரட்டும் அக்கா. எல்லாருக்கும் ஒரே சட்டம்.”

அப்படியாக என் மனுசன் பஸ்ஸை வெளியில் நிறுத்திவிட்டு, எங்கள் இருவருக்கும் பாதுகாவலராக வந்து கொட்டகையில் அமர்ந்தார். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு தேர்ச்சி அறிக்கையை முழுக்க வாசித்தார்.

“மகள் பறவாயில்லை அண்ணை,” என்றார் சேர். “முந்தியைவிட நல்லாச் செய்யிறா. அவசரத்தில பிழை விடுறா, அவ்வளவுதான்.”

“சரி சேர். மற்றவ?”

சேர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“மற்றவ… சும்மா கதைக்கிறது கூட. பக்கத்தில இருக்கிற பிள்ளையளையும் குழப்புறா. சரியான விடையை எழுதிப்போட்டு, பிறகு அதை வெட்டிப்போட்டுப் பிழையா எழுதுறா.”

“வீட்டிலயும் அப்பிடித்தான் சேர்,” என்றார் அவர், பெருமூச்சுடன். “சொன்னாக் கேக்கிறேல்ல. நீங்கள் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கோ.”

இரண்டு அறிக்கைகளிலும் கையொப்பம் வைத்துவிட்டு எழும்பினார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார்.

“இனி ரீவி இல்லை. ரெண்டு பேருக்கும்.”

மகள் அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரீவியை நிறுத்தியதில் பாதிக்கப்பட்டவர் அவர்தான். நாடகத்தில் என்ன நடக்கிறது என்று முருங்கனில் பயணிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

அவருடையது பஸ்ஸில் போகும் வாயல்லவா, கதை பயணிகள் எல்லாருக்கும் பரவிவிட்டது. பெண்சாதியும் மகளும் ஒன்றாகப் பரீட்சை எழுதுகிறார்கள் என்று அவர் ஒருவரிடம் சொல்ல, அது முருங்கன் வரை போய்த் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஒரு அம்மா எங்களுக்காக மடுமாதாவிடம் நேர்த்தி வைத்தார். சிலாவத்துறைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு முஸ்லிம் நானா துஆ ஓதிப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார். மீன் வியாபாரி ஒருவர் மூளைக்கு நல்லதென்று மீன்தலையாகவே தந்துகொண்டிருந்தார். பரீட்சை முடியும்வரை எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியிலிருந்து யாரோ ஒருவர் எங்களை முறைத்துப் பார்த்தபடியே இருந்தார்.

கணிதப் பரீட்சை அன்று காலை மகள் வெள்ளைச் சீருடையிலும் நான் வெள்ளைக்குக் கிட்டிய ஒரு சேலையிலுமாகப் போனோம். இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம்தான் நிலையம், மண்டபம் வேறு. வாசலில் நின்றவர் மகளை உள்ளே விட்டுவிட்டு எனக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

“அம்மாமார் வெளியில நில்லுங்கோ.”

“நான் பரீட்சைக்கு வந்தனான்.”

“தெரியும் அம்மா. பிள்ளை உள்ளுக்குப் போட்டா. நீங்கள் பயப்பிடாம நிழலில இருங்கோ.”

அனுமதி அட்டையை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். “ஐயோ, பிள்ளை அட்டையை விட்டிட்டுப் போட்டாவோ?” என்று அதையும் எடுத்துக்கொண்டு மண்டபத்தை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டார். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அட்டையிலிருந்த பிறந்த திகதியைக் காட்டிய பிறகுதான் நின்றார். அவருடைய முகம் மாறியது. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ,” என்று சொல்லி, என்னை ஒரு அதிகாரியைப்போல மரியாதையாக அழைத்துப் போய்க் கதிரையில் இருத்தினார்.

முதல் வினாத்தாளில் சில கணக்குகள் நேரே என்னைப் பார்த்துச் சிரித்தன. சில முகத்தைத் திருப்பிக்கொண்டன. கொட்டிலில் இருந்த காலத்தில் அப்படியானவற்றை விட்டுவிடுவேன், இப்போது ஒன்றையும் விடாமல் எழுதினேன். அது எனக்கே புதினமாக இருந்தது.

இடைவேளையில் வெளியே வந்தால், மகள் மதிலோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். கடைசிக் கணக்கொன்றில் நேரம் போய்விட்டதாம். எல்லாம் பிழையாம். அடுத்த வினாத்தாளுக்கு உள்ளேயே போகமாட்டாளாம். அவளுடைய தோழிகள் சுற்றி நின்று முழித்தார்கள். அந்த நேரம் பார்த்து என் மனுசன், ஆட்கள் இருக்கத்தக்கதாகவே பஸ்ஸை றோட்டோரம் நிறுத்திவிட்டு, மீன் பணிசும் தேத்தண்ணிப் போத்தலுமாக ஓடி வந்தார்.

ஆறுதல் சொன்னால் இன்னும் அழுவாள். ஆகவே, “அந்தப் பந்துக் கணக்குக்கு என்ன விடை எழுதினனீ?” என்று கேட்டேன்.

விம்மலுக்கு நடுவில் சொன்னாள்.

“பிழை,” என்றேன். “பைக்குள்ள எல்லாமாப் பத்துப் பந்து. அப்ப ரெண்டாவது பந்தை எடுக்கேக்கயும் பின்னத்தில கீழ பத்துத்தானே வரும்?”

அவள் நிமிர்ந்தாள். “அம்மா, முதல் எடுத்ததைத் திருப்பி வைக்கேல்லை எண்டு கேள்வியில கிடக்கு. ஒன்பதுதான் இருக்கும்.”

“நான் வைச்சனான்.”

“ஏன் வைச்சனீங்கள்?”

“ஆரோ ஒருவரின்ட பை. பார்த்திட்டுத் திருப்பி வைக்கிறதுதானே மரியாதை?”

மகள் சிரிக்கத் தொடங்கினாள். அவளுடைய தோழிகள், பணிசுப் பார்சலோடு நின்ற என் மனுசன், நிழலில் இருந்த அம்மாமார் எல்லாரும் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருந்தேன். என்னுடைய பிழைகளை ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கிய மகள், விசாரித்து விசாரித்து, தான் எத்தனையைச் சரியாகச் செய்திருக்கிறாள் என்று கண்டுகொண்டாள். ஒன்றரைப் பணிஸ் தின்றாள். மணி அடித்ததும் எனக்கு முன்னால் ஓடினாள்.

“ரெண்டாவதில ஒண்டையும் திருப்பி வையாதேங்கோ!” என்று திரும்பிப் பார்த்துக் கத்தினாள். பஸ் யன்னல்களிலிருந்து பயணிகள் எங்கள் இருவருக்கும் கை காட்டினார்கள்.

பெறுபேறு வந்த அன்று என் கடையில் கால் வைக்க இடமில்லை. பரீட்சைச் சுட்டெண்ணைத் தந்தவர்களுக்கெல்லாம் பார்த்துச் சொன்னேன். கட்டிப்பிடித்தவர்களும் உண்டு; முகம் வாடி நின்றவர்களுக்குக் கதிரை கொடுத்து இருத்தியதும் உண்டு. கூட்டம் குறைந்ததும் மகள் தன்னுடையதைத் தட்டினாள். கணிதத்துக்கு பி. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்ததில் மெஷினின் மூடி படாரென்று விழுந்தது.

“உங்கட நம்பரைச் சொல்லுங்கோ,” என்றாள்.

எனக்கு மறந்துபோய்விட்டது. அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவள் தட்டிவிட்டு, திரையைக் கையால் மறைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“எஸ்.”

எஸ் என்றால் சாதாரண சித்தி. அதற்குக் கீழே தோல்விதான். ஆனால் எங்கள் வீட்டில் அன்று அதைவிடப் பெரிய எழுத்து இருக்கவில்லை. மனுசனுக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன். அவர் பஸ்ஸில் அறிவித்திருக்க வேண்டும். கை தட்டுகிற சத்தம் கைபேசிக்குள்ளால் கேட்டது.

அடுத்த கிழமை டியூசன் சேர் கடைக்கு வந்தார். புதிய வகுப்புக்குப் பெரிய விளம்பரப் பதாகை ஒன்று அடிக்கப்போகிறாராம். சித்தியடைந்த பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில் வருமாம். என்னுடையதும் ஒன்று வேண்டுமாம்.

“சேர், எஸ்ஸுக்கு ஆர் படம் போடுறது?”

“அக்கா, உங்களைப் பார்த்தாத்தான் சனம் வகுப்புக்கு வரும்,” என்றார்.

பஸ் நிலையத்துச் சந்தியில் பதாகை கட்டியாகிவிட்டது. கழுத்துப்பட்டி கட்டின பதினைந்து வெள்ளைச் சீருடைகள்; அவற்றுக்கு நடுவில் கல்யாண வீட்டுச் சேலையோடும் முழுப் பல்லோடும் நான். கீழே “எமது மாணவி” என்று போட்டிருக்கிறது. என் மனுசன் ஒவ்வொரு தடவை சந்தியைத் தாண்டும்போதும் ஹோர்ன் அடிக்கிறார். மகள் இப்போதைக்கு மற்றப் பக்கத்து றோட்டால் சுற்றித்தான் பள்ளிக்கூடம் போய்வருகிறாள்.