தோல் கவசத்துக்கு எந்த எண்

சுங்கவரிப் புத்தகத்தை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதையும் உண்டு, எரிச்சலும் உண்டு. உயிருள்ள கழுதைக்கு ஒரு எண், பொய்த்தாடிக்கு ஒரு எண், மனுஷத் தலைமுடிக்குத் தனியாக ஒரு எண் என்று உலகத்தையே பிரித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில், கோயமுத்தூரில், இருபது வருஷமாக இந்தப் புத்தகத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் முகத்தைவிட இதைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். எண் தப்பாகப் போட்டால் சரக்கு அங்கேயே உட்கார்ந்துவிடும். நான் தப்பாகப் போட்டதே இல்லை என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது.

வெள்ளகோவில் பக்கம் எண்ணெய் மில் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன் செய்தார். அவருடைய மெஷினுக்கு உதிரி பாகம் வந்தால் நாங்கள்தான் எடுத்துக் கொடுப்போம். இந்த முறை போலந்திலிருந்து ஒரு பெட்டி, மில் பெயரில் வருகிறது, ஆனால் மகளுக்கு என்றார். என்ன பொருள் என்றேன். தோல் சட்டை என்றார். எதற்கு என்றேன். கொஞ்சம் யோசித்து, நாடகத்துக்கு என்றார். அந்த யோசனை என் காதில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. தோல் ஆடை என்று எண் போட்டு சுங்கத்தில் பில்லைத் தாக்கல் செய்துவிட்டேன்.

விமான நிலையச் சரக்குக் கிடங்கில் பெட்டியைத் திறந்ததும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அதைச் சட்டை என்றால் எருமையை ஆட்டுக்குட்டி என்றும் சொல்லலாம். செருப்பின் அடித்தோல் கனத்தில் மார்புக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு, முழங்கைக்கு இரண்டு, எல்லாவற்றிலும் வரிசையாக ரிவெட் ஆணி. அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். இதைப் போட்டுக்கொண்டு யாராவது கல்யாணத்துக்குப் போவார்களா மேடம் என்று மட்டும் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆடை என்றால் ஒரு எண், விளையாட்டுச் சாமான் என்றால் வேறு எண், நாடகச் சாமான் என்றால் அதற்கும் வேறு. வாங்கியவர் நேரில் வந்து எதற்கு என்று சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அதிகாரி. புதன்கிழமை நான் வேறு வேலையில் மாட்டிக்கொள்ள, அண்ணன் தனியாகப் போய்விட்டார். அங்கேதான் எங்கள் கொங்கு மரியாதை தன் வேலையைக் காட்டியது. பெரிய மனிதர் ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒன்றைச் சொன்னால் இல்லை என்று மறுத்துப் பேச எங்களுக்கு வராது. உடுப்பா என்று கேட்டால் ஆமாங்க. விளையாட்டுக்கா என்றால் அப்படியும் வெச்சுக்கலாமுங்க. போலீஸ், பட்டாளம் உபயோகமா என்றால் நீங்க சொன்னாச் சரிதானுங்க. அதிகாரி பாவம், அத்தனையையும் எழுதி வைத்துவிட்டார். அந்தத் தாளின்படி பெட்டிக்குள் இருந்தது ஒரு கல்யாண உடுப்பு, ஒரு கிரிக்கெட் பேட், ஒரு ராணுவத் தளவாடம்.

மறுநாள் மகளே என் ஆபீசுக்கு வந்தாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை, வயது இருபத்தாறு. நான் நாடகத்தைப் பற்றி விசாரித்ததும் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. பிறகு செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். இரும்புத் தொப்பி போட்ட இரண்டு பேர் மழுங்கல் வாளால் ஒருவரையொருவர் துவைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் இருப்பது நானுங்க அக்கா என்றாள். அப்படியும் ஒரு விளையாட்டு இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், இரண்டு வருஷமாக அதற்குத்தான் அடி வாங்குகிறாள், கவசம் இல்லையென்றால் களத்துக்குள் விடமாட்டார்கள்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். பணம் கட்டியதே அவர்தான். ஆனால் அவருடைய அக்கா ஒரு நல்ல இடமாகப் பார்த்து மாப்பிள்ளை கொண்டுவந்திருந்தார். பெண் வாள் சுழற்றுகிறாள் என்று அந்த அத்தைக்குத் தெரிந்தால் இடம் போய்விடும் என்று சொந்தக்காரர் எல்லோரிடமும் நாடகம் என்றே சொல்லி வைத்திருந்தார்.

"ஏனம்மணி, எங்கிட்டயாச்சும் நெசத்தைச் சொல்லியிருக்கலாமுல்ல?" என்று கடிந்துகொண்டேன். கோபம் அவள் மேல் இல்லை. கேட்காமல் எண் போட்ட என் மேல்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். மேசைக்குப் பக்கத்தில் பெட்டி திறக்கும் ஆள் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார். முத்தூர்க்காரர். அவரைப் பார்த்ததும் அண்ணன் முகம் சுண்டிவிட்டது. அந்த ஆள் அத்தை வீட்டுக்கு நெருங்கிய சொந்தம் என்று மகள் என் காதில் சொன்னாள். இங்கே சொல்லும் வார்த்தை பொழுது சாய்வதற்குள் வெள்ளகோவில் போய்ச் சேர்ந்துவிடும்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். எதற்கு என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரிக்கே மனம் இளகி, நாடகத்துக்கு என்றே எழுதிக்கொள்ளட்டுமா ஐயா என்றார். அந்தப் பொய்யை எழுதினால் இந்தக் கனத்துத் தோலை எந்த மேலதிகாரியும் நம்பமாட்டார், பெட்டி ஞாயிற்றுக்கிழமை தாண்டியும் இங்கேதான் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் ஆமாங்க என்று சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"இல்லீங்க," என்றார் அண்ணன். "நாடகமெல்லாம் இல்லீங்க. என்ற புள்ள வாள் எடுத்துச் சண்டை போடுறாளுங்க. அதுக்குத்தானுங்க இது. எழுதிக்குங்க."

அவர் யாரிடமும் அப்படி மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முத்தூர்க்காரர் சுத்தியலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பில்லைத் திருத்தி, விளையாட்டுச் சாமான் என்று எண் மாற்றி, தப்பு என்னுடையது என்றும் எழுதிக் கொடுத்தேன். மூன்று மணிக்குப் பெட்டி வெளியே வந்தது.

கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அண்ணனுக்குப் போன். அக்கா. முத்தூர்க்காரர் பொழுது சாயக்கூடக் காத்திருக்கவில்லை. அண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மகள் பெட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"ஆமாக்கா, கேட்டது நெசந்தான்," என்றார் கடைசியில். "மாப்பிள்ளை ஊட்டுக்கும் நீங்களே சொல்லிப்போடுங்க. ஞாயித்துக்கெழமை நாங்க ஊட்டுல இருக்கமாட்டோம், அம்மணி சண்டைய நான் இன்னும் நேர்ல பாத்ததில்லைங்க."