மலேசியாவுக்குப் போன அக்கா

பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் வக்கீல் பாலசந்தரைத் தெரியாதவர் கிடையாது. அந்த வக்கீலை ஆளாக்கியவள் அக்கா விஜயகுமாரி என்பதுதான் பலருக்குத் தெரியாது. அப்பா நல்லப்பன் போட்டாதாங் கப்பல்துறையில் மூட்டை தூக்கியவர், அம்மா பர்மாக்காரி. இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது, தம்பிக்குப் பத்து. தையல் மிஷினை மிதித்தே அவனைச் சட்டம் படிக்கவைத்தாள். அவன் கோர்ட்டுக்குப் போட்ட முதல் கறுப்புச் சட்டையும் அவள் தைத்ததுதான். பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பி முதலில் நிமிரட்டும் என்றாள். அவன் நிமிர்வதற்குள் இவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

கெட்டிக்கார வக்கீல்தான், பொய் சொல்லக் கூடாது. குடியுரிமை அட்டை இல்லாமல் அலைந்த கூலிக்காரர்கள், பஸ்காரர்கள் எல்லாம் "ஸயா, ஸயா" என்று அவன் வாசலில்தான் நிற்பார்கள். இந்த ஊரில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவது. வந்தவர்களிடம் அவன் சொல்வது ஒன்றுதான்: காயிதத்தில் பேர் இல்லாதவன் உயிரோடிருந்தும் இல்லாதவன். அடுப்படியிலிருந்து அதைக் கேட்கும்போதெல்லாம் அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

அப்படிப்பட்டவன் சட்டமன்றத் தேர்தலில் நின்றான். பேரை ஊ பா லின் என்று பர்மாப் பேராக மாற்றிக்கொண்டான். இங்கே அது சகஜம், அவளும் பெரிதாக நினைக்கவில்லை.

ஓட்டுநாளன்று விடியற்காலையிலேயே குளித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றாள். பட்டியலில் அவள் பேர் இல்லை. மேஜையிலிருந்த பெண் மூன்று தரம் தேடிப் பார்த்தாள். பேட்டை ஆபீஸ் குமாஸ்தா, வீட்டில் இருப்பவர்களின் பேர் பதிகிற வீட்டுப் பட்டியலின் நகலை எடுத்துவந்து காட்டினார். விஜயகுமாரியின் பேர்மேல் கோடு கிழித்திருந்தது. மலேசியாவுக்குக் குடிபோய்விட்டாள் என்று குடும்பத் தலைவர் ஏழு மாதத்துக்கு முன் எழுதிக் கொடுத்தாராம். கீழே தம்பியின் கையெழுத்து.

மலேசியாவாம்! ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டாலாவுக்கே அவள் போய்ப் பத்து வருஷமாகிறது. பூவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் ஜெயித்த மாலையோடு வந்தவன் கதவைச் சாத்திவிட்டு விளக்கம் சொன்னான். அப்பா தமிழ் ஆள் என்றால் தேர்தல் மனுவையே தள்ளிவிடுவார்களாம், அதனால் மனுவில் அப்பா பேரைப் பர்மாப் பேராகக் கொடுத்திருக்கிறான். ஒரே பட்டியலில் அக்காவுக்கு அப்பா நல்லப்பன் என்றிருந்தால் எதிராளி சும்மா விடுவானா?

"வெறும் காயிதந்தானேக்கா. நீ இங்கேதானே இருக்கே?"

"காயிதத்துல பேர் இல்லாதவன் உயிரோட இருந்தும் இல்லாதவன்னு சொன்னது யாருடா?" என்றாள்.

ஊருக்குத்தானே உபதேசம்!

ஒரு வாரம் கழித்துப் புது வீட்டுப் பட்டியல் கொண்டுவந்தான். எல்லாம் சரிபண்ணிவிட்டேன், அடுத்த தடவை நீயும் ஓட்டுப் போடலாம் என்று பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி நீட்டினான். கடைசி வரியில் அவள் பேர் இருந்தது. அப்பா பேரும் நல்லப்பன்தான். உறவு என்ற கட்டத்தில் வீட்டு வேலைக்காரி என்று எழுதியிருந்தது. வேலைக்காரிக்கு அப்பா யாராயிருந்தால் யாருக்கு என்ன? அடப்பாவி, எழுதக் கை வந்ததே உனக்கு! அவள் இரண்டு தரம் படித்தாள். மடித்துத் தையல் மிஷின் டிராயரில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாழ்த்துச் சொல்லப் பெரிய மனிதர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நடு நாற்காலியில் அவன். பழக்கதோஷத்தில் உள்ளே பார்த்து, "அக்கா, டீ" என்று குரல் கொடுத்தான்.

தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். விருந்தாளிகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியாகத் தம்பிமுன் வந்து, வேலைக்காரிகள் குனிகிற மாதிரி இடுப்பை வளைத்துக் குனிந்தாள்.

"டீ எடுத்துக்குங்க, ஸயா."

அவன் முகம் செத்துப்போயிற்று. அத்தனை பேர் எதிரில், இவள் என் அக்கா என்று சொல்ல அவனால் முடியவில்லை. அன்றிலிருந்து அவள் அவனைத் தம்பி என்று கூப்பிடவேயில்லை.